தலைப்பே முகமாக: எமது நூல்களின் அட்டைகள் பற்றிச் சில குறிப்புகள்

எமது பிரதேசத்தில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ, எங்கு நடந்தாலும், நூலாய்வு செய்பவர் தன் உரையை முடிக்கும் தறுவாயில் ஒரு வாக்கியம் சொல்வார்: "அட்டைப்படமும் கண்ணைக் கவரும் வகையில் அமைந்துள்ளது." பத்திரிகை மதிப்புரைகளிலும் இதே வாக்கியம் விலைக்கும் பக்க எண்ணிக்கைக்கும் சற்று முன்னால் வந்து நிற்கும். ஒரு கவிதையின் படிமத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய எமக்கு அட்டையைப் பற்றிப் பேச அதற்கு மேல் சொற்கள் இல்லை. கண்ணைக் கவர்ந்தது என்ன, கவர்ந்த பின் அது கண்ணை எங்கே கொண்டுபோய் விட்டது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடந்த இருபது ஆண்டுகளில் இக்கரையிலிருந்து வெளிவந்த கவிதை, சிறுகதைத் தொகுதிகளில் கைக்கெட்டியவற்றை எடுத்து மேசையில் பரப்பினால், சில படங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். 2004 டிசம்பருக்குப் பின் எழுந்து நிற்கும் அலை. யுத்தம் பற்றிய நூலென்றால் முட்கம்பியும் அதில் சிக்கிய புறாவும். காதல் என்றால் ரோஜா. பிரிவு என்றால் அதே ரோஜாவில் ஒரு துளி நீர். ஆசிரியர் முஸ்லிம், பொருளும் ஓரளவு சமயம் சார்ந்தது என்றால் பிறையும் குவிமாடமும், பின்னால் அந்திவானம். இவற்றில் பெரும்பாலானவை இணையத்திலிருந்து இறக்கி எடுத்தவை. எங்கோ ஒரு நாட்டின் கடற்கரையில் எவரோ எடுத்த சூரியாஸ்தமனம் பாண்டிருப்புக் கடலாக வந்து நிற்கும். நாம் கிழக்குக் கரையில் வாழ்பவர்கள். எமது கடலில் சூரியன் உதிக்குமேயன்றி மறையாது. அட்டை செய்தவருக்கும் அது தோன்றவில்லை, ஆசிரியருக்கும் தோன்றவில்லை.

எனது குறை படங்கள் மோசமானவை என்பதல்ல. சில நன்றாகவே இருக்கின்றன. இவ்வட்டைகள் நூலை வாசகனுக்கு முன்பே வாசித்துவிடுகின்றன என்பதே குறை. இது துயரம், இது இஸ்லாம், இது அகதி வாழ்வு என்று கையில் எடுத்தவுடனேயே முடிவைச் சொல்லிவிடுகின்றன. கவிஞன் அறுபது பக்கங்களில் மெல்ல மெல்லக் கட்டியெழுப்ப முயன்றதை அட்டை ஒரே பார்வையில் அவிழ்த்துக் கொட்டிவிடுகிறது. இதற்கு மாற்றாக ஒரு வழி இருக்கிறது. அது புதியதல்ல, செலவு மிக்கதுமல்ல: தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுத்துகளாக மட்டும் வைத்து, மீதி இடத்தை வெறுமையாக விட்டுவிடுவது.

எமது அச்சு வரலாறு அப்படித்தான் தொடங்கியது. சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885 இல் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. அக்காலத் தமிழ் நூல்களின் முகப்பு என்பது பெரும்பாலும் எழுத்துகளின் அடுக்கே. தலைப்பு, அது இன்ன பொருள் பற்றியது என்று கூறும் ஒரு நீண்ட வரி, இயற்றியவர் பெயர், அச்சிட்ட கூடம், ஆண்டு. சில நூல்களில் ஹிஜ்ரி ஆண்டும் உடன் வரும். சுற்றிலும் ஒரு கோட்டுச் சட்டம். அச்சுக் கோப்பவரிடம் இருந்த நாலைந்து அளவு ஈய எழுத்துகளை வைத்தே அவர் எது பெரிது, எது சிறிது, எது எதற்குக் கீழே என்று தீர்மானித்தார். அதை அவர் கலை என்று எண்ணியிருக்கமாட்டார், தொழில் என்றே எண்ணியிருப்பார். ஆனால் முன்னுரிமை பற்றிய ஒரு தெளிவு அதில் இருந்தது.

ஈய எழுத்துக் காலம் எமது பகுதியில் எண்பதுகளிலும் நீடித்தது. கல்முனையிலிருந்து எம். ஏ. நுஃமான் வாசகர் சங்கத்தின் பெயரில் நூல்களை வெளியிட்ட காலம் அது. மஹாகவியின் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' 1971 இலும், நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977 இலும், 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981 இலும் வந்தன. ஒரு நிறம் கூடினால் தாளை மீண்டும் ஒருமுறை இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய காலம். பெரிய எழுத்து வேண்டுமென்றால் புளொக் செய்விக்க வேண்டும். வசதிக் குறைவே ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது எனலாம்.

இத்தலைப்புகளையே சற்று யோசித்துப் பாருங்கள். அந்நூல்கள் அன்று எந்த அட்டையோடு வந்தன என்பதைப் பற்றி நான் இங்கு பேசவில்லை. தலைப்புகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒரு சாதாரண மனிதனுக்கு எந்த முகத்தை வரைவது? எந்த முகத்தை வரைந்தாலும் அது ஒரு குறிப்பிட்ட ஆளின் முகமாகிவிடும். 'சாதாரண' என்ற சொல் அந்தக் கணமே செத்துப்போகும். 'தாத்தாமாரும் பேரர்களும்' என்பதில் ஒரு கிழவரையும் சிறுவனையும் வரையலாம்தான். ஆனால் அத்தலைப்பின் உயிர் இரண்டு சொற்களின் ஈற்றிலும் வரும் 'உம்'மில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து வலப்பக்கம் நேராக்கினால் 'ரும்' என்பதற்குக் கீழே 'ளும்' வந்து நிற்கும். இரண்டு தலைமுறைகள் ஒரே இடத்தில் வந்து முடிவது கண்ணுக்குத் தெரியும். பலஸ்தீனம் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் வேறு எதை வைத்தாலும் அது குறைவாகவே இருக்கும்.

எழுத்தால் மட்டும் ஓர் அட்டை செய்வது என்றால் என்ன என்பதை விளக்க, கல்முனையின் கவிஞர் ஒருவரின் தலைப்புகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சோலைக்கிளியைத்தான் சொல்கிறேன். 'நானும் ஒரு பூனை' (1985), 'எட்டாவது நரகம்' (1988), 'காகம் கலைத்த கனவு' (1991), 'ஆணிவேர் அறுந்த நான்' (1993), 'பாம்பு நரம்பு மனிதன்' (1995). ஓவியரைப் பார்த்து 'வா, வா' என்று அழைக்கும் தலைப்புகள் இவை. பூனை, காகம், பாம்பு, வேர், நெருப்பு என்று எல்லாமே வரையக்கூடியவை. அதனாலேயே இவை ஆபத்தான தலைப்புகளும் ஆகும்.

பூனையை வரைந்தால் பூனைதான் மிஞ்சும், 'நானும்' போய்விடும். தானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும் அந்த 'உம்'மை எந்தத் தூரிகையால் வரைவது? 'எட்டாவது நரகம்' இன்னும் நுட்பமானது. நரகத்துக்கு ஏழு வாயில்கள் என்பது மத்ரசாவில் ஓதிய சிறு பிள்ளைக்கும் தெரியும். எட்டாவது என்று சொன்ன இடத்தில்தான் கவிஞர் பேசத் தொடங்குகிறார். அங்கே தீச்சுவாலையைப் போட்டால் அது முதலாவது நரகமாகவும் இருக்கலாம், ஏழாவதாகவும் இருக்கலாம். எண்ணை நெருப்பால் காட்ட முடியாது. 'எட்டாவது' என்ற சொல்லைப் பெரிதாகவும் 'நரகம்' என்பதைச் சிறிதாகவும் வைத்துப் பாருங்கள், போதும். பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் இதைத் தலைகீழாகவே செய்வார்கள், நரகம்தான் பயங்கரமான சொல் என்ற எண்ணத்தில்.

'காகம் கலைத்த கனவு' மூன்று சொற்கள். மூன்றும் ககரத்தில் தொடங்குகின்றன. மூன்று வரிகளாக இடப்பக்கம் நேராக்கினால் கா, க, க என்று ஒரு தூண் இறங்கும். வாய்விட்டு வாசித்தால் அதுவே கரைதல். காகத்தின் படம் வேண்டுமா? 'பாம்பு நரம்பு மனிதன்' இதற்கு நேர்மாறு. அதை வலப்பக்கம் நேராக்க வேண்டும். அப்போது 'ம்பு'வுக்குக் கீழே 'ம்பு' வரும். இரண்டு 'பு'க்களின் கால்களும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும். பாம்பு நரம்பாக மாறுவது அந்த இடத்தில் நடக்கிறது. மூன்றாவது வரியில் மனிதன் அந்த வாலில்லாமல், ஒரு புள்ளியோடு முடிகிறான். 'ஆணிவேர் அறுந்த நான்' என்றால் முதல் இரு சொற்களை மேலே வைத்து, 'நான்' என்பதை அட்டையின் அடியில் தனியே விட்டுவிடலாம். இடையில் உள்ள வெறுமைதான் அறுபட்ட இடம். இவையெல்லாம் நான் ஒரு மாலைப்பொழுதில் வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு செய்து பார்த்தவை. எனக்குச் சித்திரம் வராது. தமிழ் எழுத்து தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இதைச் சொல்வது இலகு, செய்விப்பதுதான் கஷ்டம். அட்டை செய்யும் இளைஞரிடம் போய், படம் வேண்டாம், தலைப்பு மட்டும் போதும் என்றேன் ஒருமுறை. செய்தார். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன சேர், இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, ஒரு பூவாவது போடுவமா?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. வெற்றிடம் என்றால் முடிக்கப்படாத வேலை என்றே நாம் எல்லோரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கொடுத்த காசுக்கு வேலை நடந்திருப்பதைக் கண்ணால் காண விரும்பும் வாடிக்கையாளர்கள் நாம்.

படத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். படம் பல பிழைகளை மறைக்கும். எழுத்து மட்டும் நிற்கும்போது ஒன்றையும் மறைக்க முடியாது. எமது அட்டைகளில் எழுத்துக்கு நடக்கும் கொடுமைகள் பல. இடத்தை நிரப்புவதற்காக எழுத்தை அகலவாக்கில் இழுப்பது. அப்போது நிமிர்ந்த கோடுகள் தடித்து, படுத்த கோடுகள் மெலிந்துபோகும். நிழல் போடுவது, சுற்றி வெள்ளை விளிம்பு கட்டுவது, மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாக நிறம் ஓடவிடுவது. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைச் சாய்ப்பது இன்னொன்று. சாய்வெழுத்து ஆங்கிலத்துக்கு ஒரு மரபு. தமிழுக்கு அப்படியொரு மரபு இல்லை. சாய்த்த தமிழெழுத்து காற்றுக்குச் சரிந்த வேலி போலத்தான் இருக்கும்.

இவற்றைவிட நுண்மையானது வரி இடைவெளி. தமிழெழுத்துக்கு மேலும் கீழும் உறுப்புகள் உண்டு. மேல்வரியின் ழகரக் காலும் உகரச் சுழியும் கீழே இறங்கும். கீழ்வரியின் இகரக் கொக்கியும் மெய்ப்புள்ளியும் மேலே ஏறும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இடித்துக்கொள்ளும். கணினி தானாகத் தரும் இடைவெளி எல்லாத் தலைப்புக்கும் பொருந்தாது. ஒரு தலைப்பில் எந்த எழுத்துக்குக் கீழே எந்த எழுத்து வருகிறது என்று பார்த்து, சில இடங்களில் கூட்டி, சில இடங்களில் குறைத்துத்தான் ஆக வேண்டும். கடைப் பெயர்ப்பலகைகளைத் தூரிகையால் எழுதிய எமது ஊர்க் கலைஞர்களுக்கு இது கைவசமிருந்தது. முதலில் சோக்கட்டியால் கோடிழுத்து, எழுத்துகளை மெல்லக் குறித்துப் பார்த்து, இடித்தால் அழித்து, பின்புதான் வர்ணத்தைத் தொடுவார்கள். பிளெக்ஸ் வந்தபின் அவர்களில் பலர் தொழிலை விட்டுவிட்டனர். அவர்களிடம் ஒரு நூலட்டையை எழுதித் தரும்படி எமது எழுத்தாளர்களில் எத்தனை பேர் கேட்டோம்?

இது சும்மா ஊர்ப்பற்றில் சொல்வதல்ல. இருபதாம் நூற்றாண்டின் அச்சுக்கலையில் பெரும் பெயரான யான் சிக்கோல்ட், 1902 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு பெயர்ப்பலகை எழுதுபவரின் மகனாகப் பிறந்தவர். 1933 இல் நாஜிகளால் கைது செய்யப்பட்டு, விடுதலையானபின் நாட்டை விட்டு வெளியேறினார். 1947 முதல் 1949 வரை பென்குயின் பதிப்பகத்தில் இருந்து அதன் மலிவு விலை நூல்களை ஒழுங்குபடுத்தினார். பென்குயின் 1935 இல் தொடங்கியபோதே அதன் அட்டை மூன்று பட்டைகளாக இருந்தது: மேலும் கீழும் நிறம், நடுவில் வெள்ளை, அதில் தலைப்பும் பெயரும். நாவலுக்குச் செம்மஞ்சள், துப்பறியும் கதைக்குப் பச்சை. சிக்கோல்ட் அதைத் தூக்கியெறியவில்லை. எழுத்துகளின் இடைவெளியைத் திருத்தினார். அச்சுக் கோப்பவர்களுக்கு விதிகள் எழுதிக் கொடுத்தார். பட்டைகளின் அளவைச் சீராக்கினார். பார்த்தவர்களில் பலருக்கு என்ன மாறியது என்றே தெரிந்திருக்காது.

பாரிஸின் கலிமார் பதிப்பகம் இன்னும் பிடிவாதமானது. 1911 இலிருந்து வெண்மஞ்சள் நிற அட்டை, ஒரு கறுப்புக் கோட்டுச் சட்டம், அதனுள் இரண்டு சிவப்புக் கோடுகள், சிவப்பில் தலைப்பு. அல்பேர் கமுவுக்கும் அதே சட்டைதான், பெயர் தெரியாத புதிய நாவலாசிரியருக்கும் அதே சட்டைதான். மருதமுனைக் கைத்தறிச் சேலையில் உடல் வெறுமையாக ஓட, கரை மட்டும் பேசும் வகை ஒன்று உண்டல்லவா, அந்த மாதிரி.

ஆயினும் இவற்றை அப்படியே எமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. கலிமாரின் வெறுமைக்குப் பின்னால் நூற்றாண்டு காலப் பதிப்பகத்தின் பெயர் நிற்கிறது. எமது எழுத்தாளர்களோ தாமே காசு போட்டு, தாமே முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சிட்டு, தாமே சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் கொண்டு போய் விற்பவர்கள். ஒவ்வொரு நூலும் தனித்து நிற்கிறது. ஆகவே எமக்கு வேண்டியது ஒரே மாதிரியான சட்டையல்ல. ஒவ்வொரு தலைப்பையும் அதனதன் எழுத்துகளிலிருந்தே தீர்ப்பதுதான். அந்த வழியைத் தமிழில் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1974 இல் சென்னையில் தொடங்கிய க்ரியா, நூலின் தாள், ஓரம், எழுத்து, அட்டை எல்லாவற்றையும் ஒரே விடயமாகப் பார்த்தது. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினோரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984 இல் அங்கிருந்துதான் வந்தது. ஓவியர் ஆதிமூலம் (1938–2008) நூல்களுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும் தூரிகையால் தலைப்பெழுதி, தமிழெழுத்தே ஒரு கோட்டோவியமாக நிற்க முடியும் என்று காட்டினார்.

எமக்கு இன்னும் அருகில் ஒருவர் இருக்கிறார். அக்கரைப்பற்றைச் சேர்ந்த றஷ்மி கவிஞர், ஓவியர், நூல் வடிவமைப்பாளர். 2002 இல் வந்த அவரது முதல் தொகுதியின் பெயர் 'காவு கொள்ளப்பட்ட வாழ்வு முதலாய கவிதைகள்'. ஐந்து சொற்கள், எங்கே உடைத்தாலும் ஒரு சொல் அநாதையாகும். கவிதை எழுதும் கையே அட்டையையும் செய்வதால், வரியை எங்கே முறிப்பது என்ற கேள்வி அவருக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இன்று அவர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் அச்சாகும் நூல்களுக்கு அட்டை செய்கிறார். தமிழ் வாசகர்கள் பலர் அவரது அட்டைகளை அவர் பெயர் தெரியாமலே கையில் எடுத்திருப்பார்கள். அவர் பிறந்த கரையில் வெளியாகும் நூல்களோ இன்னும் இணையத்து ரோஜாவைத் தேடிக்கொண்டிருக்கின்றன. இந்த முரண் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இனி, முஸ்லிம் எழுத்தாளர்களாகிய எமக்கே உரிய ஒரு விடயம். உருவம் வரைவதைத் தவிர்க்க வேண்டும் என்று கருதும் எழுத்தாளர்கள் எம்மில் உண்டு. ஆனால் அவர்களும் எழுத்தை நோக்கிப் போகவில்லை. மனித முகத்துக்குப் பதில் மினாராவைப் போட்டார்கள். உலகுக்கே எழுத்தணிக் கலையைத் தந்த ஒரு நாகரிகத்தின் வாரிசுகள் என்று மீலாத் மேடைகளில் பேசுகிறோம். அரபுத்தமிழ் நூல்களைக் கல்லச்சில் அடித்த எம் முன்னோருக்கு எழுத்தே அலங்காரமாகவும் இருந்தது. அந்த அக்கறையைத் தமிழெழுத்தின் பக்கம் நாம் திருப்பவேயில்லை. அரபு அணியெழுத்தை வெட்டி எடுத்து மூலையில் ஒட்டுவதைச் சொல்லவில்லை. கூஃபி எழுத்தை எழுதியவர் ஒரு கோட்டின் நீளத்தைப் பற்றி எவ்வளவு யோசித்தாரோ, அவ்வளவு யோசனையை 'ஹ'வின் வளைவுக்கும் 'ஃ'இன் மூன்று புள்ளிகளுக்கும் கொடுப்பதைச் சொல்கிறேன். ஆய்த எழுத்து எமது பெயர்களில் போல வேறு எவருடைய பெயர்களிலும் இவ்வளவு வருவதில்லை. நுஃமான், அஷ்ரஃப், லத்தீஃப். அட்டையில் வைக்க இதைவிட அழகான மூன்று புள்ளிகள் வேறு எந்த மொழியில் உண்டு?

பிறையும் குவிமாடமும் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பின் இந்நாட்டில் அரபு எழுத்துத் தாங்கிய பலகைகள்கூடச் சந்தேகத்துக்கு உள்ளாகி அகற்றப்பட்டன. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், 2017 இல் வெளியிட்ட 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியை முன்வைத்து 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது; 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதை நூல் தமிழ் தெரியாதவர்களின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அட்டையை மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அந்த இளைஞருக்குச் செய்யும் அநியாயம். அச்சத்தால் பிறையை அகற்றுங்கள் என்பதும் எனது வாதமல்ல. விரும்புகிறவர் போடட்டும். நான் சொல்வது வேறு. எம்மை வாசிக்காமலே எம்மைப் பற்றி முடிவு கட்டியிருக்கும் கண்கள் பல. அவற்றில் சில பகைமையோடு பார்க்கின்றன. சில, 'ஐயோ பாவம், சுனாமிக் கவிஞர்' என்று இரக்கத்தோடு பார்க்கின்றன. இரண்டும் வாசிப்பதில்லை. அவர்கள் ஏற்கனவே வைத்திருக்கும் படத்தை நாமே அச்சிட்டு அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டுமா? தலைப்பு மட்டும் உள்ள அட்டையின் முன் நிற்பவருக்கு வாசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

எதிர்வாதங்களும் உண்டு. எழுத்து மட்டும் போட்டால் பாடப்புத்தகம் போலிருக்கும் என்கிறார்கள். இன்றைய பாடப்புத்தகங்களின் அட்டைகளைப் பார்த்தால், படங்களால் நிறைந்திருப்பவை அவைதான் என்பது தெரியும். மேடையில் முதற்பிரதியைத் தூக்கிக் காட்டும்போது எடுபடாது என்பது இன்னொன்று. முதற்பிரதி பெறும் பிரமுகர் அதைத் தூக்கிக் காட்டுவது ஒரு நிமிடம். நூல் வீட்டில் இருக்கப்போவது எத்தனையோ வருடம். மூன்றாவதாக, மெல்லிய நிற மட்டை அழுக்காகிவிடும் என்கிறார்கள். இது நியாயமான வாதம். எமது உப்புக் காற்றில் வெறும் மட்டை சீக்கிரம் புள்ளி விழும். ஆனால் லெமினேட் செய்த அட்டையும் இங்கு தப்புவதில்லை. வெளிப்பக்கம் பிளாஸ்திக், உட்பக்கம் தாள்; தாள் ஈரத்தை உறிஞ்சி விரிய, பிளாஸ்திக் விரியாமல் நிற்க, அட்டை வெளிப்புறமாகச் சுருண்டுகொள்ளும். மாரி முடிய அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

செலவும் இருக்கிறது. 2022 மார்ச்சில் மேல்மாகாணப் பாடசாலைகளில் தாளில்லாமல் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது. அதன்பின் அச்சுச் செலவு எமது எழுத்தாளர்களின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. ஒரு நிறமென்றால் ஒரு தகடு. நான்கு நிறமென்றால் நான்கு. மிச்சமாகும் காசை உள்ளே நல்ல தாளுக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் கொடுக்கலாம். எழுத்துருவுக்கும் இன்று பஞ்சமில்லை. பாமினியையே கட்டியழுத காலம் போய், நோட்டோ, முக்த மலர், அனெக் தமிழ் எனப் பல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அனெக்கில் ஒடுங்கிய எழுத்தும் விரிந்த எழுத்தும் தனித்தனியே வரையப்பட்டிருப்பதால், எழுத்தைப் பிடித்து இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆசிரியர் பெயரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. எமது பெயர்களுக்கு முன்னால் மூன்று, நான்கு எழுத்துகள் புள்ளிகளோடு வரிசையாக நிற்கும். அவற்றுக்கு முன்னால் அல்ஹாஜ், கலாபூஷணம். பின்னால் பட்டங்கள், சமாதான நீதவான் பதவி. தலைப்பு இரண்டு சொல், பெயர் இரண்டு வரி என்றால் எந்த வடிவமைப்பாளராலும் காப்பாற்ற முடியாது. அவற்றைப் பின்னட்டைக் குறிப்பில் தாராளமாகப் போடலாம். அங்கே புகைப்படத்துக்குத் துணையாகவும் இருக்கும். முன்னட்டையில் சோலைக்கிளிக்கு ஐந்தெழுத்தும் றஷ்மிக்கு மூன்றெழுத்தும் போதுமாக இருக்கிறது.

இறுதியாக முதுகு. எமது கவிதைத் தொகுதிகளில் பல கம்பி அடித்த மெல்லிய நூல்கள். அவற்றுக்கு முதுகே கிடையாது. அலுமாரியில் இரண்டு தடித்த நூல்களுக்கு இடையில் போனால் காணாமற் போய்விடும். தேடுபவர் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படி இழுக்கும்போது முதலில் வெளிப்படுவது முன்னட்டையின் இடது ஓரம். தலைப்பை அந்த ஓரத்துக்கு அருகே, இடப்பக்கம் நேராக்கி வைத்தால், நூல் ஒரு விரல் அளவு வெளியே வந்ததுமே கா, க, க என்று தெரிந்துவிடும்.